மூக்கு முறை

பதினோரு நாளாக அந்த நோட்டுப் புத்தகம் அரிசி டிரம்முக்குள் கிடந்தது. பிளாஸ்டிக் பையில் சுற்றி அடியில் போட்டு, மேலே அரிசியைக் கொட்டி வைத்திருந்தாள் மலர். அரிசி குறையக் குறைய, அள்ளும் விரலில் அதன் முனை இடிக்க ஆரம்பித்தது.

நோட்டைக் கேட்டு மனநலத் திட்டத்து சாண்ட்ரா மேடம் மூன்று முறை போன் செய்துவிட்டார். "ஜனங்க உங்கள நம்பிச் சொன்ன விஷயம் மலர். வெளிய போகக் கூடாது. கொண்டு வந்து கொடுத்துடுங்க." மூன்று முறையும் மலர், "தேடிகினு கீறேன் மேடம்" என்றாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் குப்பத்துச் சமுதாயக் கூடத்தில் விசாரணை. ஐஸ் கம்பெனியில் அம்மோனியா எத்தனை மணிக்குக் கசிந்தது என்பதுதான் கேள்வி. ஏழு மணி ஐந்து நிமிடம், உடனே சைரன் அடித்துவிட்டோம், ஓடாமல் நின்றவர்கள் அலட்சியத்தால் நின்றார்கள் என்கிறது கம்பெனி. ஆறே முக்காலுக்கு முன்பே வாசனை வந்துவிட்டது என்கிறது குப்பம். ஆனால் குப்பத்துக்கு வாய் மட்டும்தான் சாட்சி. தேதியும் மணியும் போட்டு எழுதி வைத்த ஒரே காகிதம் அரிசிக்குள் இருந்தது. அதில் கடைசி வரி: காலை 6.40, கெங்கம்மா.

அந்த வரி கம்பெனியை மாட்டிவிடும், எழுதியவளையும் சேர்த்து.

சின்னமேட்டுக் குப்பத்துக்கு மேற்கே, தெருவின் கடைசி வீட்டிலிருந்து இருபது அடியில், கம்பெனியின் மதில். உள்ளே ஏற்றுமதி இறாலை உறைய வைக்கிறார்கள். குப்பத்துப் படகுகளுக்கு ஐஸ் அங்கிருந்துதான் வருகிறது. ஐஸ் இல்லாமல் படகு இறங்காது. அதனால் கம்பெனியை மூடு என்று யாரும் முழுக் குரலில் சொன்னதில்லை.

ஒன்றரை வருடத்துக்கு முன் ஒரு மழைக்காலத்து விடியலில் முதல் கசிவு. யாரும் சாகவில்லை. தூக்கம்தான் செத்தது. ஜனங்கள் செருப்போடு படுத்தார்கள். மலர் தன் மகள் மகிழினிக்குப் பள்ளிக்கூட ஷூவை மாட்டிப் படுக்க வைத்தாள். ஈரத் துண்டைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, மணிக்கொரு தரம் எழுந்து ஜன்னலில் முகர்ந்து பார்ப்பாள்.

அப்போதுதான் ஊர்ப் பஞ்சாயத்து முறை வைத்தது. குப்பத்தில் எல்லாவற்றுக்கும் முறை உண்டு. எந்த வலை எந்த இடத்தில் இறங்குவது, தண்ணி லாரி வந்தால் யார் வரிசையைப் பார்த்துக்கொள்வது, கோயில் விளக்குக்கு யார் எண்ணெய் ஊற்றுவது என்று எல்லாமே வீட்டுக்கு வீடு மாறி வரும். முகர்வதற்கும் அதே போல் வைத்தார்கள். தினமும் ஒரு வீடு. மதிலோரம் கவிழ்த்துப் போட்ட பழைய பைபர் படகின் மேல் அந்த வீட்டு ஆட்கள் மாறி மாறி உட்கார வேண்டும். பக்கத்தில் கம்பத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். வாசனை வந்தால் அடிக்க வேண்டும். அடித்தால் ஊரே காற்றுக்குக் குறுக்கே, வடக்கில் கல் கொட்டிய கரைக்கு ஓட வேண்டும்.

"சளி புடிச்சவன் முறைய மாத்திக்கணும். சரக்கு போட்டவன் மூக்கு செல்லாது" என்று பஞ்சாயத்துத் தலைவர் கருணாகரன் அறிவித்தார். சிரித்தார்கள். மூக்கு முறை என்று பேரும் வைத்தார்கள். ஒரு வீடு விழித்திருந்ததால் மற்ற வீடுகள் கண் அசந்தன. அதை யாரும் வைத்தியம் என்று சொல்லவில்லை.

பத்து மாதத்தில் நான்கு தடவை தண்டவாளம் வீணாக அடித்தது. ஒரு தடவை கழிவுநீர் லாரி. ஒரு தடவை கரையொதுங்கிச் செத்த ஆமை. நான்காவது தடவை ஓடியபோது குப்பத்துப் பெண் மோகனப்ரியா கல்லில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அந்தச் சமயம் பார்த்துக் கம்பெனி மதில் மேல் சென்சார் என்று ஒரு பெட்டியைப் பொருத்தியது. பச்சை விளக்கு எரிந்தால் பயமில்லை. சிவப்பு எரிந்தால் சைரன் தானாக அடிக்கும். கூடவே ஒரு அறக்கட்டளை மூலம் மனநலத் திட்டம் வந்தது. அதோடு வந்தவர் சாண்ட்ரா.

சாண்ட்ராவைக் குறை சொல்ல மலரால் இன்றைக்கும் முடியாது. பாயில் உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டார். யார் எவ்வளவு நேரம் அழுதாலும் கடிகாரத்தைப் பார்க்க மாட்டார். "பயம் வந்தா கண்ண மூடுங்க. நாலு எண்ணி மூக்கால இழுங்க. நாலு எண்ணி நிறுத்துங்க. நாலு எண்ணி விடுங்க" என்று சொல்லிக் கொடுத்தார். அதைச் செய்த முதல் வாரமே மலர் விடியும்வரை தூங்கினாள். மகிழினியின் ஷூவைக் கழற்றினாள். தான் பிழைத்துக்கொண்டதாக உண்மையாகவே நம்பினாள்.

பிளஸ் டூ வரை படித்தவள், கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அவளையே குப்பத்துத் தன்னார்வலராகப் போட்டார்கள். தண்டவாளம் தொங்கும்வரை பயமும் தொங்கிக்கொண்டுதான் இருக்கும் என்று சாண்ட்ரா சொன்னதைப் பஞ்சாயத்தில் எடுத்துப் பேசியவள் அவள்தான்.

எல்லோரும் தலையாட்டினார்கள், கெங்கம்மாவைத் தவிர. மலரின் கணவன் நீலமேகத்துக்கு அவள் சொந்த அத்தை. மதிலை ஒட்டிய கடைசி வீடு அவளுடையது. திருவொற்றியூர்த் தெருக்களில் கூடை சுமந்து மீன் விற்பவள். "சங்கரா... நெத்திலி..." என்று அவள் இந்தத் தெருவில் குரல் கொடுத்தால் அடுத்த தெருவில் பூனை எழுந்து நிற்கும்.

"இன்னாம்மே, பொட்டிக்கு மூக்கு கீதா?" என்று கூட்டத்திலேயே கேட்டாள்.

"மிஷினு அத்தே. மனுசன் மூக்க விட நல்லா கண்டுபுடிக்கும்."

"அத வெச்சவன் யாரு? கம்பெனிக்காரன். திருட்டுப் பூனைக்கு மணி கட்டுன்னு பூனை கையிலயே குட்த்துக்கினு வர்றியா நீ?"

"அத்தே, மோகனப்ரியா கை இன்னும் நேராவல. நீயும்தான் தூங்காம இளைச்சிப் போய்க் கீற. எனுக்காக ஒரு தபா சரின்னு சொல்லு."

கெங்கம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். "ஒனுக்காகச் சொல்றேன். பொட்டிக்காக இல்ல." தண்டவாளத் துண்டை இறக்கி, கொஞ்ச நாளில் அலி அக்பரின் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்கள்.

திட்டத்தின் வேலை எளிதாகத்தான் இருந்தது. பயம் வந்தால் மலருக்குப் போன் செய்யலாம். பயம் பத்துக்கு எத்தனை என்று கேட்பாள். மூன்று நிமிடம் மூச்சுப் பயிற்சி செய்ய வைப்பாள். மறுபடி பத்துக்கு எத்தனை என்று கேட்பாள். தேதி, மணி, பெயர், முன் மதிப்பெண், பின் மதிப்பெண், காரணம். காரணத்துக்கு எண் போட்டால் போதும். ஒன்று குடும்பம், இரண்டு தொழில், மூன்று கற்பனை வாசனை, நான்கு மற்றவை.

முதல் நாளே மலர் கேட்டாள். "நெசமாவே வாசன வந்தா எந்த நம்பர் போடறது மேடம்?"

"அதுக்குத்தான் சென்சார் இருக்கே மலர். அது நம்ம பிரிவு இல்ல" என்று சிரித்தார் சாண்ட்ரா.

ஐந்து மாதத்தில் கெங்கம்மா பத்தொன்பது தடவை போன் செய்தாள். பத்தொன்பதுக்கும் மூன்று. ஐந்தாம் மாத அறிக்கையில் சின்னமேட்டுக் குப்பத்தில் பயம் பாதியாகக் குறைந்துவிட்டதாக வந்தது. மலருக்கு ஒரு சான்றிதழும் சால்வையும் கொடுத்தார்கள்.

இருபதாவது போன் பதினோரு நாளுக்கு முன் வந்தது. மலர் அடுப்பில் இட்லிப் பானையை ஏற்றிக்கொண்டிருந்தாள். அவள் வீடு தெருவின் கடலோர முனையில். அங்கே ஒரு வாசனையும் இல்லை.

"மலரு, வருதும்மே."

"பச்சை எரியுதா பாரு அத்தே."

"எரியுது. எரிஞ்சா இன்னா? கண்ணு காந்துது."

"பயந்தாலும் கண்ணு காந்தும். மேடம் சொன்னாங்கல்ல? பத்துக்கு எத்தினி?"

"எட்டு போட்டுக்கோ. நான் வடக்காண்ட போறேன்."

"கூடைய வெச்சிட்டு எங்க போவ? தனியா ஓடுனா ஜனமும் ஓடும், அப்பால இன்னொருத்தி வுழுந்து கைய ஒடச்சிக்குவா. அப்படியே குந்து. கண்ண மூடு. மூக்கால இழு... ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நிறுத்து..."

கெங்கம்மா இழுத்தாள். நிறுத்தினாள். விட்டாள். போனில் அந்த மூச்சு மலருக்குத் தெளிவாகக் கேட்டது. நடுநடுவே இருமல்.

"இப்ப எத்தினி?"

"அஞ்சுன்னு எழுதிக்கோ. வுடு என்னிய, மீன் அலசணும்."

மலர் எழுதினாள். 6.40. எட்டு. ஐந்து. மூன்று. ஏழு ஐந்துக்குக் கம்பெனிக்குள் ஏதோ குழாய் முழுதாக விட்டுக்கொண்டது. விளக்கு சிவப்பாகி சைரன் அலறியபோது கெங்கம்மா மதிலடியில் உட்கார்ந்து சங்கரா அலசிக்கொண்டிருந்தாள். முப்பத்தொரு பேர் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். முப்பது பேர் நான்கு நாளில் திரும்பிவிட்டார்கள்.

கெங்கம்மா ஒன்பதாம் நாள் திரும்பினாள். தொண்டை வெந்துவிட்டது. குரல் என்று இருந்த இடத்தில் உப்புத்தாளைத் தேய்க்கிற மாதிரி ஒரு சத்தம். அதுவும் நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூக்கிலும் ஒன்றும் ஏறவில்லை. சில மாதத்தில் வரலாம், வராமலும் போகலாம். அந்தக் காலைப் போன் பேச்சை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பார்க்கப் போன மலரிடம் மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்: "எழுதினியா?"

"எழுதினேன் அத்தே."

கெங்கம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

விசாரணைக்கு முந்தைய நாள் மாலை, நீலமேகம் வலையைத் தைத்து முடித்து வந்தபோது, மலர் டிரம்மிலிருந்து நோட்டை எடுத்து அவன் முன் போட்டாள். இரண்டு அரிசி ஒட்டியிருந்தது. சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னாள். அவன் பக்கங்களைப் புரட்டினான். பிறகு ஆணியில் மாட்டிய மாதக் காலண்டரை எடுத்து வந்தான். கடலுக்குப் போகாத நாள், காற்று எந்தப் பக்கம் என்று பென்சிலில் கோடு போட்டு வைக்கிற பழக்கம் அவனுக்கு உண்டு.

"அத்த பேசுன நாளுங்கள மட்டும் படி" என்றான்.

அவள் படித்தாள். அவன் விரலால் காலண்டரில் தொட்டுக்கொண்டே வந்தான். இருபதில் பதினெட்டு நாள் மேற்கிலிருந்து, கம்பெனிப் பக்கமிருந்து காற்று.

"இது பயம் இல்லடி" என்றான் நீலமேகம். "மேக்காத்து."

மலருக்குப் புரிந்தது. ஐந்து மாதமாகக் கம்பெனி கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. அதை ஒருத்தி ஒவ்வொரு தடவையும் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறாள். இன்னொருத்தி ஒவ்வொரு தடவையும் எழுதியும் வைத்திருக்கிறாள்.

"இத்த குட்த்தா நானும் மாட்டுவேன்."

"மாட்டுவ."

"குடுக்கட்டா?"

"அத்த தொண்டைய நீயா திருப்பித் தரப் போற? இத்தயாவது குடு."

சமுதாயக் கூடத்தில் மின்விசிறிகள் சுற்றின. அதிகாரி இளவயதுக்காரர், பொறுமையாகக் கேட்பவர். கருணாகரன் பேசினார், இன்னும் நாலு பேர் பேசினார்கள். யாருக்கும் சரியான மணி தெரியவில்லை. பால் வந்த நேரம், பிள்ளை பல் துலக்கிய நேரம் என்றார்கள். கெங்கம்மா முன் வரிசையில் வாயில் ஈரத் துணியைப் பொத்தி உட்கார்ந்திருந்தாள். மலர் எழுந்து போய் நோட்டை மேஜையில் வைத்தாள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த சாண்ட்ராவின் முகம் வெளுத்தது.

மலர் எதையும் மறைக்கவில்லை. ஆறு நாற்பதுக்குப் போன் வந்ததைச் சொன்னாள். ஓடப் போனவளை உட்கார வைத்தது தான் என்றாள். கூடத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. இருபதில் பதினெட்டு நாள் மேற்குக் காற்று என்றும் சொன்னாள். காலண்டரைக் காட்டினாள். அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கவனமாகப் பார்த்தார். அந்த ஒரு நிமிடம், எல்லாம் சரியாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

கம்பெனி வக்கீல் நோட்டை வாங்கிப் புரட்டினார். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"கையெழுத்து உங்களுதாம்மா?"

"ஆமா சார்."

"கடைசிப் பத்தியில கெங்கம்மா பேருக்கு நேரா எல்லா இடத்திலயும் மூணு போட்டிருக்கீங்க. மூணுன்னா என்ன?"

மலர் ஓரத்திலிருந்த சாண்ட்ராவைத் திரும்பிப் பார்த்தாள்.

"முதல் பக்கத்துல அச்சடிச்சிருக்கு. நானே படிக்கவா?"

"கற்பனை வாசனை."

"சத்தமா."

"கற்பனை வாசனை சார். ஆனா நெசமான வாசனைக்கு அதுல நம்பரே இல்ல சார். நாலுதான் குட்த்தாங்க."

"நாலாவது என்ன? 'மற்றவை'. அதைப் போட்டிருக்கலாமே? போடல. ஏன்னா அன்னிக்கு உங்களுக்கே அது கற்பனைன்னு தெரிஞ்சிருக்கு. இந்த ஊர்க்காரங்க, பயிற்சி வாங்கினவங்க, சான்றிதழ் வாங்கினவங்க நீங்க. இருபது தடவை விசாரிச்சு இருபது தடவையும் வாசனை இல்லைன்னு எழுதியிருக்கீங்க." அதிகாரி பக்கம் திரும்பினார். "ஆறு நாற்பதுக்குக் கசிவு இல்லைங்கறதுக்கு எங்ககிட்ட சென்சார் பதிவு மட்டும்தான் இருந்துச்சு சார். இப்ப இதுவும் இருக்கு. இதை எங்க தரப்பு ஆவணமா சேர்த்துக்கணும்."

அதிகாரி நோட்டை மறுபடி பார்த்தார். காலண்டரைப் பார்த்தார். பென்சில் கோடுகளைப் பார்த்தார். "எழுதியிருக்கறதைத்தானேம்மா நான் எடுத்துக்க முடியும்" என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. வருத்தத்தைப் பதிவு செய்ய அவர் காகிதத்திலும் இடம் இல்லை.

வெளியே மலர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாண்ட்ரா தண்ணீர் பாட்டிலோடு வந்தார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "மலர், கண்ண மூடுங்க. மெதுவா மூச்ச..."

"வேணாம் மேடம்" என்றாள் மலர். "போதும்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே குப்பம் மூக்கு முறையைத் திரும்ப வைத்தது. அலி அக்பர் கடையில் தண்டவாளம் இல்லை. எப்போதோ உருக்கப் போய்விட்டது. அவர் வருத்தப்பட்டு, ஒரு லாரி பிரேக் டிரம்மைச் சும்மா கொடுத்தார். முறைப் பட்டியலைக் கோயில் சுவரில் சுண்ணாம்பால் எழுதினார்கள். மலர் இரண்டு தடவை மேலிருந்து கீழே படித்தாள். நீலமேகம் வீடு இல்லை.

சண்டை போட்டு விலக்கி வைத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். கருணாகரன் தன்மையாகத்தான் சொன்னார். "கோச்சுக்காதம்மா. ஒம்மேல யாருக்கும் கோவம் இல்ல. ஒன் மூக்கு மேலதான் ஜனங்களுக்கு நம்பிக்கை இல்ல. நீ குந்திகினு இருந்தா எவனும் தூங்க மாட்டான்."

கல்யாணத்தில், கருமாதியில், கோயில் எண்ணெயில் அவள் வீட்டுக்கு முறை இருந்தது. முகர்வதற்கு மட்டும் இல்லை. தண்ணி லாரி வரிசையில் மோகனப்ரியா, சரியாகாத கையால் குடத்தைத் தூக்கியபடி, "மலரக்கா முன்னாடி போவட்டும்பா, அக்காவுக்கு டென்ஷன் ஆவக் கூடாது" என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். மலரும் சிரிக்கப் பார்த்தாள்.

ஜன்னலில் முகர்கிற பழக்கம் திரும்பி வந்தது. இப்போது அதில் ஒரு புதுத் தொல்லை. எதையோ முகர்ந்த மாதிரி இருக்கும். இருக்கிறதா இல்லையா என்று அவளுக்கே தெரியாது. இழுத்த மூச்சை நான்கு எண்ணி நிறுத்திக்கொண்டிருப்பதைப் பாதியில்தான் கவனிப்பாள்.

ஒரு வாரம் கழித்துக் காலை ஆறரை மணிக்குக் கெங்கம்மா வந்தாள். தலையில் கூடை, கழுத்தில் கயிறு கட்டி, மிட்டாய்க்காரன் சைக்கிளில் இருக்கிற மாதிரி ஒரு ரப்பர் ஹார்ன். கூவ முடியாது அல்லவா. கூடையை மலர் வீட்டு வாசலில் இறக்கி, ஈரச் சாக்கை விலக்கினாள். சங்கராவும் கொஞ்சம் கவளையும்.

"மோந்து பாரு" என்றாள்.

மலர் புரியாமல் நின்றாள்.

"நேத்து ஒருத்தி கெட்ட மீனுன்னு மூஞ்சிலயே வீசினா." ஒவ்வொரு வார்த்தைக்கும் தொண்டையைக் கையால் பிடித்துக்கொண்டாள். "ஊருக்கு ஒன் மூக்கு வேணாம். எனுக்கு வேற மூக்கு இல்ல."

மலர் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். குனிந்து முகர்ந்தாள். உப்பு, ஐஸ், மீன். அதற்கு அடியில் ஏதோ ஒன்று இருந்தது, இல்லாமலும் இருந்தது. மறுபடி முகர்ந்தாள்.

"நல்லா கீது அத்தே."

கெங்கம்மா அவளையே பார்த்தாள்.

"நெசமா கீதா, மூணு போட்டியா?"

மலர் கூடையை மடிப் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒவ்வொரு மீனாக எடுத்து, செவுளைத் தூக்கி மூக்கோடு வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் ஆயிற்று. கெங்கம்மா அவசரப்படுத்தவில்லை. மலர் இரண்டு சங்கராவைத் தனியாக வைத்தாள்.

"இது ரெண்டும் வேணாம்."

கெங்கம்மா அவற்றைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் சாக்கடையில் எறிந்தாள். கூடையைத் தலைக்குத் தூக்கினாள். நன்றியும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. டாக்டர் சொன்ன பத்து வார்த்தையை எப்போதோ தாண்டிவிட்டாள்.

தெருவில் இறங்கி ஹார்னை அமுக்கினாள். மதிலோரம் கவிழ்ந்த படகின் மேல் இன்றைய முறைக்காரர்கள் இரண்டு பேர் அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தார்கள். கெங்கம்மாதான் என்று தெரிந்ததும், முகத்தை மேற்கே திருப்பிக்கொண்டார்கள்.